சமன் முட்டை 9 வெள்ளையாப் போச்சு, மார்ச் பிரேக்கும் வருது. என்ன செய்யிறது?

நாலாம்வகுப்பு ரீச்சர் | தை 27

எல்லாருக்கும் வணக்கம். ஸ்காபரோவில நாலாம் வகுப்புப் படிப்பிக்கிறன். இந்த வருசம் முதல்தரமா என்ர வகுப்புக்கு அத்திலாந்திக் சமன் (சால்மன்) மீன் முட்டை வந்திருக்கு. ஒன்ராறியோ ஏரியில அழிஞ்சுபோன சமனைத் திருப்பிக் கொண்டுவாற திட்டத்தின்ர பள்ளிக்கூடப் பகுதி. முட்டையைப் பொரிக்க வைச்சு, குஞ்சை வைகாசியில ஓடையில விடோணும். போன வருசம் மட்டும் இதைச் செய்த ரீச்சர் வேற பள்ளிக்கூடம் மாறிப் போட்டா. எனக்கு மிஞ்சினது தொட்டியும் தண்ணியைக் குளிராக்கிற சில்லரும் ஒரு பழைய கொப்பியும். கொப்பியில பாதிப் பக்கம் பிள்ளையள் கீறின மீன்.

முட்டை தை 13 வந்தது. நூறு எண்டு சொன்னவை, நாங்கள் எண்ணேக்க 103. பட்டாணியளவு, செம்மஞ்சள், ஒவ்வொண்டுக்குள்ளயும் ரெண்டு கறுப்புப் புள்ளி. அது கண் எண்டு சொன்னவுடன ஒரு பிள்ளை "அப்ப அது எங்களைப் பாக்குதோ ரீச்சர்?" எண்டு கேட்டுது. அண்டு முழுக்க வகுப்பில சத்தமே இல்லை. எனக்கு அப்பிடி ஒரு நாள் பேந்து கிடைக்கேல்லை.

முட்டையோட வந்த தாளில 340 எண்டு இருந்தது. ஒரு நாள்த் தண்ணி எத்தினை பாகையோ அதைக் கூட்டிக்கொண்டு போற பாகை-நாள்க் கணக்கு. தண்ணியை 8 பாகையில வைச்சிருக்கிறன், பிள்ளையள் ஒவ்வொரு நாளும் காலமை எட்டுக் கூட்டுவினம். இண்டைக்கு 452.

இனிப் பிரச்சினை. முதல் கிழமை ரெண்டு முட்டை வெள்ளையாப் போச்சு, பெரிசா யோசிக்கேல்லை. இந்தச் சனி ஞாயிறு முடிஞ்சு திங்கள் வந்து பாத்தா இன்னும் ஏழு. அதில ஒண்டில பஞ்சு மாதிரி ஏதோ பிடிச்சிருக்கு. வியாழக்கிழமை வெப்பமானி பாக்கிற முறை ஒரு பெடியனுக்கு. அவன்ர முழங்கை தொட்டியில வடிவா இடிபட்டது, நானும் கண்டனான். இப்ப அவன் தான்தான் ஏழையும் கொண்டதெண்டு வீட்டில சாப்பிடுறானில்லையாம். தாய் எழுதினவ. வகுப்பில ஒருத்தருக்கும் அவன் சொல்லேல்லை.

மற்றது தண்ணி. எங்கட அப்பா ஊரில மீன்தொட்டி வைச்சிருந்தவர். வாளியில பிடிச்சு ஒரு இரவு வைச்சா குளோரின் பறந்திடும் எண்டு சொன்னார். வெள்ளிக்கிழமை பின்னேரம் அப்பிடி ஒரு வாளி மாத்தினனான். அது சரிதானே?

அடுத்தது மார்ச் பிரேக். பங்குனி 14 இலிருந்து 22 மட்டும் பள்ளிக்கூடம் பூட்டு. திறப்புத் தர ஏலாது எண்டு அதிபர் சொல்லிப்போட்டார். அந்த நேரம் குஞ்சுகள் தீன் தின்னத் தொடங்கியிருந்தா என்ன செய்யிறது?

இன்னொரு சின்னக் கேள்வி. ஒரு பிள்ளையின்ர அம்மம்மா, சமன் எண்டா ரின்னில வாறது எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சிருந்தாவாம். இப்ப ஒவ்வொரு நாளும் பேத்தியிட்டக் கதை கேக்கிறா. ஹைலண்ட் கிறீக்கில புரட்டாதி ஐப்பசியில எதிர்நீச்சல் போடுற அந்தப் பெரிய மீன்தானே இது, அது இவ்வளவு கிடக்கேக்க ஏன் மினக்கெட்டு வளர்க்கிறியள் எண்டு கேட்டு அனுப்பியிருக்கிறா. எனக்கு மறுமொழி தெரியேல்லை.


பழையவாளி | தை 27

ரீச்சர், முதல்ல அந்தப் பெடியன்ர விசயத்தை முடிப்பம். முழங்கை இடிபட்டு ஏழு முட்டை சாகாது. சமன் முட்டையை அசைக்கவே கூடாத காலம் ஒண்டு இருக்கு, கருக்கட்டினதிலயிருந்து கண் தெரியுமட்டும். அப்ப சின்னக் குலுக்கலே காணும். அது தாண்டின பிறகுதான் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்புறவை. உங்கட முட்டை பொரிப்பகத்திலயிருந்து பனியில, குழி விழுந்த றோட்டு வழிய காரில வந்தது. அதைத் தாங்கினது ஒரு ஒன்பது வயதுப் பிள்ளையின்ர முழங்கையைத் தாங்காதோ? நாளைக்குக் காலமையே இதை அவனுக்குச் சொல்லுங்கோ, பின்னேரம் மட்டும் வைச்சிருக்க வேண்டாம்.

வெள்ளையாகிறது ஏனெண்டா, உயிரோட இருக்கேக்க முட்டையின்ர உள்த்தோல் வெளித்தண்ணியை மறிச்சு வைச்சிருக்கும். செத்தா அது விடும். தண்ணி உள்ளுக்க போக, மஞ்சட்கருவில கரைஞ்சு கிடந்த புரதம் உப்புக் குறைஞ்சு திரளும். கண்ணாடி மாதிரி இருந்தது சுண்ணாம்பு மாதிரிப் போகும். அதால வெள்ளை எண்டது செத்ததுக்கு அடையாளம் மட்டும்தான். எப்ப செத்தது, எதால செத்தது எண்டு அதை வைச்சுச் சொல்ல ஏலாது. சிலது கருக்கட்டாத முட்டையாவும் இருக்கும்.

பஞ்சு மாதிரி எண்டு எழுதினது பூஞ்சணம். அது செத்த முட்டையில தொடங்கி, வேர் விட்டுப் பக்கத்தில உயிரோட கிடக்கிறதையும் சுத்திப் பிடிக்கும். வெள்ளையைக் கண்ட அண்டைக்கே எடுங்கோ. கையை விடாதேங்கோ. வான்கோழிக்குச் சாறு ஊத்திற ரப்பர்க் குமிழ்க் குழாய் ஒண்டு புதுசா வாங்கி, அதுக்கெண்டே வைச்சிருங்கோ. வீட்டில தங்கமீன் வைச்சிருக்கிறவையின்ர வலை, குழாய், கல்லு ஒண்டும் இந்தத் தொட்டிக்குள்ள போகக் கூடாது. இந்தக் குஞ்சுகள் கடைசியா ஓடைக்குப் போறது, எங்கட தொட்டி வருத்தமும் அதுகளோட போயிடும்.

இனி வாளி. அந்த வரியை ரெண்டு தரம் வாசிச்சன். இஞ்சை நான் வைச்சிருக்கிற பேரைப் பாருங்கோ.

உங்கட அப்பா சொன்னது அவர் கண்ட தண்ணிக்குச் சரி. வெறும் குளோரின் வாளியில நிண்டா பறக்கும். ரொறன்ரோத் தண்ணியில அமோனியாவும் சேர்த்து, குளோரமினாத்தான் அனுப்பினம். நீளக் குழாய் வழிய கடைசி வீடு மட்டும் கிருமி பிடியாமல் வரோணும் எண்டு செய்யிறது. நாள்க்கணக்கா நிக்கட்டும் எண்டு செய்த சாமான் வாளிக்குள்ள ஒரு இரவில போகுமே?

நானும் வகுப்பில சமன் வளர்த்தனான், எனக்கும் மூண்டாம் வருசம் மட்டும் தெரியாது. முதல் ரெண்டு வருசமும் தண்ணி மாத்தினது குறைவு, தப்பியிட்டன். மூண்டாம் வருசம் பொரிச்சு ரெண்டு கிழமை, தண்ணி கொஞ்சம் கலங்கலா இருந்தது. வெள்ளி பின்னேரம் ரெண்டு வாளி மாத்திப்போட்டு வீட்டை போனன். திங்கள் ஏழரைக்கு வந்து லைற்றைப் போட்டா, சரளைக்கு மேல வெள்ளை வெள்ளையா. 61. பிள்ளையள் வர முந்தி அள்ளி ஒரு கோப்பிக் கப்புக்குள்ள போட்டுக் கொண்டுபோய் எறிஞ்சன். குறைஞ்சுபோச்சே எண்டு கேட்டவைக்கு "சரளைக்குள்ள ஒளிச்சிருக்கு" எண்டன். அலெவின், அதான் மஞ்சட்கருப் பையோட இருக்கிற புதுக்குஞ்சு, சரளைக்குள்ள ஒளிக்கிறது உண்மைதானே, நம்பியிட்டினம். வைகாசியில ஓடைக்கரையில கப்புக் கப்பா எண்ணி விட்டு முடிய, ஒரு பெட்டை கொப்பியோட வந்தாள். "மாஸ்ரர், 61 குறையுது" எண்டு கழிச்சுக் காட்டினாள். பத்து வயது. கழித்தல் நான்தான் படிப்பிச்சனான்.

உங்கட ஏழுக்கும் வாளிதான் காரணம் எண்டு நான் அடிச்சுச் சொல்ல மாட்டன். முட்டைத்தோல் குஞ்சை விடத் தாங்கும், ஒரு வாளி பெரிய தொட்டியில ஐதாகியும் போகும். ஆனா வகுப்பறைச் சூட்டில நிண்ட 20 பாகைத் தண்ணியை 8 பாகைக்குள்ள ஊத்தினதும் இருக்கு. இடிபட்டது வியாழன், மாத்தினது வெள்ளி, செத்தது சனி ஞாயிறு. நான் எண்டா முழங்கையை விட்டிட்டு வாளியைத்தான் பிடிப்பன்.

இனி மாத்தேக்க மீன்தொட்டிக் கடையில விக்கிற கொண்டிஷனர் விடுங்கோ. அதில கிடக்கிறது பெரும்பாலும் சோடியம் தயோசல்பேற்று. குளோரமின் எண்டு போத்தலில எழுதியிருக்கோ எண்டு பாத்து, அதுக்குச் சொன்ன அளவு விடோணும். இன்னொண்டு, அது குளோரினைப் பிடிச்சாலும் அமோனியா தண்ணியில மிஞ்சும். அதைத் தின்னிற பற்றீரியா உங்கட ஃபில்டருக்குள்ள இருக்கு, ஆனா 8 பாகையில அதுகள் சோம்பேறிகள். சூடான மீன்தொட்டி வைச்சிருக்கிறவை சொல்லுற நாள்க் கணக்கை நம்பாதேங்கோ, இதில கூடச் செல்லும். குளிரில அமோனியாவின்ர நஞ்சு வடிவம் குறைவாத்தான் இருக்கும் எண்டது எங்கட அதிட்டம். கிழமைக்கு ரெண்டு தரம் சோதிச்சு, கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்கோ. ஊத்த முந்தி வாளிக்குள்ள உறைஞ்ச தண்ணிப் போத்தல் ஒண்டைப் போட்டு 8க்குக் கொண்டுவாங்கோ. போத்தலைத் திறந்து ஐஸைக் கொட்டாதேங்கோ, அதுவும் பைப்புத் தண்ணிதான்.

மார்ச் பிரேக்குக்கு வழி இருக்கு. கணக்குப் பிள்ளையளையே செய்ய விடுங்கோ, நாலாம் வகுப்புக்கு இதை விட நல்ல பெருக்கல் கிடையாது.

எங்கட தொட்டியில 470க்கும் 520க்கும் இடையிலதான் ஒவ்வொரு வருசமும் பொரிச்சது. உங்களுக்கு இந்தக் கிழமைக் கடைசியில தொடங்கும். மஞ்சட்கருப் பை வயித்தோட மூடி, மேல வந்து தீன் தேடுறது ஏறக்குறைய 850இல. 8 பாகையிலயே விட்டா மாசி 7இல 540, பங்குனி 14இல 820, திரும்பி வரேக்க 890 தாண்டியிடும். சரியாப் பூட்டியிருக்கிற கிழமைதான் பசிக்கும். மாசி 7க்குப் பிறகு தண்ணியை 6 பாகைக்கு இறக்குங்கோ, ஒரு நாளைக்கு ஒரு பாகைக்கு மேல வேண்டாம். இப்ப பங்குனி 14இல 750 சொச்சம், 23ஆம் திகதி 805 கிட்ட. பை முழுக்கக் காலியாகியிராது, சாப்பாடு அதுகளின்ர வயித்திலயே இருக்கும். அதிபரிட்டத் திறப்புக் கேக்க வேண்டாம், துப்புரவாக்கிற அண்ணையிட்ட ரெண்டு நாளைக்கு ஒருக்கா வெப்பமானியை மட்டும் பாக்கச் சொல்லுங்கோ. தீன் போட மட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. பாவம் பாத்து ஒரு கை போட்டா எல்லாம் முடிஞ்சுது.

பொரிக்கேக்க தண்ணியில நுரை கட்டும், ஒரு மாதிரி மணக்கும். பயப்படாதேங்கோ, தோலைக் கரைக்க அதுகளே விடுற நொதியமும் கோதும்தான் அது. கோதுகளை எடுத்து, அண்டு மட்டும் கொஞ்சம் கூடத் தண்ணி மாத்துங்கோ. தொட்டியை நாலு பக்கமும் ஃபோம் பலகையால மூடி வையுங்கோ. சரளைக்கடி இருட்டில இருக்க வேண்டியதுகள், வெளிச்சம் பட்டா ஓடி ஓடியே மஞ்சட்கருவை எரிச்சுப் போடுங்கள். பாக்கிறதுக்கு ஒரு பக்கம் சின்னக் கதவு வெட்டி, ஒரு நாளைக்கு ரெண்டு நிமிசம்.

அம்மம்மாவுக்கு: ஹைலண்ட் கிறீக்கில அவ கண்டது சினுக் சமன். பசிபிக் பக்கத்து மீன், தூண்டில்காரருக்காக 1960களின்ர கடைசியிலயிருந்து இந்த ஏரிக்குள்ள விட்டது. முட்டை போட்ட கையோட செத்திடும். பேத்தியின்ர தொட்டியில கிடக்கிறதுதான் இந்த ஏரியின்ர சொந்த மீன். மா அரைக்கிற, மரம் அரியிற ஆலையளுக்கெண்டு ஒவ்வொரு ஓடையிலயும் அணை கட்டி, காட்டை வெட்டி, மிச்சத்தை அள்ளிப் பிடிச்சு, 1898க்குள்ள ஒண்டும் இல்லாமல் முடிச்சுப் போட்டினம். இது முட்டை போட்ட பிறகும் உயிரோட திரும்பிப் போய் இன்னொருக்காவும் வரக்கூடியது. ரின்னில வாறது அனேகமாப் பசிபிக் சமன். அதையும் சொல்லுங்கோ, சந்தோசப்படுவா.


தூண்டில் | தை 28

மாஸ்ரர் வடிவாத்தான் எழுதியிருக்கிறார். ஆனா ஒருத்தரும் சொல்லாததை நான் சொல்லுறன். போர்ட் ஹோப்பில கனரஸ்கா ஆத்தில இருபது வருசமாத் தூண்டில் போடுறன். சினுக் பிடிச்சிருக்கிறன், ஸ்ரீல்ஹெட் பிடிச்சிருக்கிறன், அத்திலாந்திக் சமன் என்ர கையில ஒண்டுதான் வந்தது, அதையும் விட்டிட்டன். இந்தத் திட்டம் 2006இல தொடங்கினது. இவ்வளவு வருசம் விட்டும் ஏரி நிறையேல்லை. நூறு குஞ்சு விட்டு என்ன வரப்போகுது? ஏரிக்குள்ள ஏல்வைஃப் எண்டு ஒரு சின்ன மீன் கிடக்கு. அதைத் திண்டா சமனுக்கு உடம்பில விற்றமின் பி1 இல்லாமல் போகும், பேந்து முட்டையிலயும் இராது, பொரிச்ச குஞ்சு சுருண்டு சுருண்டு நீந்திச் சாகும். அதைத் திருத்தாமல் பள்ளிக்கூடத்தில மீன் வளர்த்து என்ன? பிள்ளையளுக்குப் பொய் நம்பிக்கை குடுக்காதேங்கோ எண்டு மட்டும் சொல்லுறன்.


பழையவாளி | தை 28

தூண்டில், ஏல்வைஃப் கதை முழுக்கச் சரி. நூறு குஞ்சால ஏரி நிறையாது எண்டதும் சரி, லட்சக் கணக்கில விடுறது பெரிய பொரிப்பகங்கள். நான் முதல் நாளே பிள்ளையளிட்ட அதைச் சொல்லிப் போடுவன். ஆயிரக்கணக்கான முட்டையில ஒண்டு ரெண்டுதான் வளர்ந்து திரும்பி வரும், அதில எங்கட நூறுக்கு ஒண்டும் வராமலும் போகலாம். ஒருத்தரும் அதைக் கேட்டுத் தொட்டியை விட்டிட்டுப் போனதில்லை. அந்த ஒரு மீனை விட்டதுக்கு நன்றி.


சரேக்காரன் | தை 29

டீச்சர், நான் பிரிட்டிஷ் கொலம்பியா, சரே. மதுரைப் பக்கம், அதனால சமன்னு எழுத வரல, சால்மன்னே எழுதுறேன். பையன் ஸ்கூல்ல ரெண்டு வருஷமா தொட்டிக்கு உதவி பண்றேன். எங்களுக்கு வர்றது சம் சால்மன். சரளையிலிருந்து வெளியே வந்ததும் ஆத்துல தங்காம நேரா கடலுக்குப் போற இனம், அதனால வசந்த காலத்துல விடுறதுக்குத் தோது. உங்க அத்திலாந்திக் அப்படி இல்ல, ஒண்ணு ரெண்டு வருஷம் ஓடையிலயே இருந்துட்டுத்தான் ஏரிக்குப் போகும்.

மாஸ்டர் எல்லாம் சொல்லிட்டார், கரண்ட்டை மட்டும் விட்டுட்டார். போன நவம்பர்ல புயல் அடிச்சு ராத்திரி கரண்ட் போயிருந்தா கூடப் பரவாயில்ல, அப்ப தொட்டி காலி. எங்களுக்குப் போனது போன வருஷம் பிப்ரவரியில, ஒரு சாதாரண திங்கக்கிழமை. யாரோ சுவர்ல இருந்த பிளக்கைப் பிடுங்கி ஃபோன் சார்ஜ் போட்டிருக்காங்க. சில்லர், பம்ப், காத்து விடுற மோட்டார் எல்லாம் அந்த ஒரே பிளக். ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் பார்த்தோம். குளிர்ந்த தண்ணியில ஆக்சிஜன் கொஞ்சம் கூடுதலா நிக்கும், அதனால தப்பிச்சுது. அன்னிக்கே மூணு வேலை பண்ணோம். பிளக் மேல ஒரு டப்பா வெச்சு ஒட்டினோம். பேட்டரியில ஓடுற காத்து மோட்டார் ஒண்ணு வாங்கி வெச்சோம். ஸ்டாஃப் ரூம் ஃப்ரீஸர்ல தண்ணி பாட்டில் நாலு எப்பவும் உறைஞ்சு கிடக்கும், யாரும் எடுத்துக் குடிச்சிடாதபடிக்கு மீன் படம் வரைஞ்சு ஒட்டினது என் பையன்.

அப்புறம் விடுற இடம். எங்க சொல்றாங்களோ அங்கயே விடுங்க. வீட்டுப் பக்கத்துல அழகா ஒரு ஓடை இருக்கேன்னு எங்க ஆளுங்கள்ல ஒரு அப்பா ஆரம்பிச்சார். சட்டப்படி முடியாதுங்கறது ஒரு பக்கம். ரோட்டுத் தண்ணி நேரா விழுற ஓடை எப்படிப்பட்டதுன்னு எங்க ஏரியாவுல எல்லாருக்கும் இப்ப தெரியும். மழை பெஞ்ச உடனே கோஹோ சால்மன் முட்டை போடறதுக்கு முன்னாடியே சாகறது பல வருஷம் புரியாம இருந்தது. 2020 கடைசியில வாஷிங்டன் பல்கலைக்கழக ஆளுங்க கண்டுபிடிச்சாங்க: கார் டயர் ரப்பர்ல கலக்குற ஒரு பொருள் காத்துல இருக்குற ஓசோனோட சேர்ந்து மாறி, 6பிபிடி-குவினோன்னு ஒண்ணாகுது. அது மழையில ஓடைக்கு வந்தா கோஹோ சில மணி நேரத்துல போயிடும். சம் அதே தண்ணியில ஒண்ணும் ஆகாம நீந்துது. அதை வகுப்புல சொன்னப்ப ஒரு பொண்ணு "அப்ப ஸ்கூல் பஸ்ஸுமா?"ன்னு கேட்டுச்சு. ஆமான்னுதான் சொல்ல வேண்டியிருந்தது.


நாலாம்வகுப்பு ரீச்சர் | மாசி 5

மாஸ்ரர், மற்ற எல்லாருக்கும் நன்றி. கொஞ்சம் நீளமா எழுதிறன், மன்னியுங்கோ.

அடுத்த நாள் காலமை பெடியனைத் தனியாக் கூப்பிட்டு முட்டை காரில வந்த கதையைச் சொன்னன். நம்பேல்லை. "அப்ப ஆர்?" எண்டு கேட்டான். அவனுக்கு ஒரு ஆள் வேணும். வாளி எண்டு சொல்லத்தான் வாயெடுத்தன், ஆனா வாளி தானா நடந்து போய் ஊத்தேல்லையே. நான்தான் ஊத்தினனான், அதாலதான் எண்டு நிச்சயமாத் தெரியாது, ஆனா அப்பிடித்தான் இருக்கும் எண்டு சொன்னன். கொஞ்ச நேரம் என்னைப் பாத்தான். பேந்து "வகுப்புக்குச் சொல்லுவியளோ?" எண்டான்.

சொன்னன். கொப்பியில ஒவ்வொரு நாளும் செத்ததின்ர தொகை எழுதுற நிரலுக்குப் பக்கத்தில "காரணம்" எண்டு இன்னொரு நிரல் கீறினம். முதல் ரெண்டுக்கும் "தெரியாது". ஏழுக்கு என்ன எழுதிறது எண்டு அரை மணித்தியாலம் சண்டை. "ரீச்சர்" எண்டு எழுதோணும் எண்டு ஒரு கட்சி, "வாளித் தண்ணி" எண்டு ஒரு கட்சி. ஒரு பிள்ளை "நிச்சயமில்லை எண்டு ரீச்சரே சொன்னவ, அப்ப கேள்விக்குறி போடோணும்" எண்டுது. கடைசியா "வாளித் தண்ணி (ரீச்சர்)?" எண்டு எழுதினம். அப்பாவுக்குப் போன் எடுத்துக் குளோரமினைச் சொன்னன். "எங்கட கிணத்தில உதெல்லாம் இல்லை" எண்டு வைச்சிட்டார்.

தை 30 காலமை 476. லைற்றைப் போட முந்தியே மணம் வந்தது. நுரை. மாஸ்ரர் நீங்கள் எழுதியிராட்டி அண்டைக்கு நான் அழுதிருப்பன். முதல்ல வாற வால், பேந்து ஒரு துடிப்பு, பிறகு அந்தச் செம்மஞ்சள்ப் பையைத் தூக்கிக்கொண்டு நீந்தத் தெரியாமல் சரளையில விழுந்து புரளுதுகள். அஞ்சு நாளில 91 பொரிச்சிட்டுது, மூண்டு வெள்ளையாகியிட்டுது. ஒண்டுக்கு ரெண்டு தலை, ஒரு பை. எல்லாரும் அதுக்குப் பேர் வைக்கோணும் எண்டு நிண்டினம். அது கனநாள் இராது எண்டு சொல்லிப்போட்டுத்தான் வைக்க விட்டனான்.

சரேக்காரன் அண்ணை, டப்பாவை ஒட்டியிட்டன். ஒரு பிளக்கை ரெண்டாப் பிரிச்சும் போட்டன்.


பழையவாளி | மாசி 5

அந்தக் கேள்விக்குறியை அழிச்சுப் போடாதேங்கோ ரீச்சர்.

தீன் தொடங்கேக்க ஒரு விசயம். மேல வந்து வாயைத் திறந்து காத்து விழுங்கினா நீச்சல்ப் பை நிரம்பியிட்டுது எண்டு அர்த்தம். எல்லாம் ஒரே நாளில வராது. பாதிக்கு மேல வந்த பிறகு மா மாதிரி இருக்கிற தீனில விரல்நுனியில ஒட்டுறளவு, ஒரு நாளைக்கு நாலஞ்சு தரம். அடியில விழுந்ததை அண்டைக்கே உறிஞ்சி எடுங்கோ. பட்டினியில செத்ததை விட மிஞ்சின தீன் அழுகித் தண்ணி கெட்டுச் செத்ததுதான் நான் கண்டது கூட. சிலது தின்னவே தொடங்காது, தலை பெரிசா உடம்பு ஊசியாப் போகும். அதுக்கு நீங்கள் ஒண்டும் செய்ய ஏலாது, காரணம் நிரலில "தின்னேல்லை" எண்டு எழுதுங்கோ.


நாலாம்வகுப்பு ரீச்சர் | வைகாசி 22

நேற்று விட்டிட்டம். டஃபின்ஸ் கிறீக்கின்ர ஒரு கிளை, அனுமதியில எழுதின இடம்.

நடுவில நடந்ததைச் சுருக்கமாச் சொல்லுறன். பங்குனி 23 கதவைத் திறக்கேக்க 806, ஒண்டும் சாகேல்லை. துப்புரவாக்கிற அண்ணை ஒரு கடதாசியில ஆறு நாள் வெப்பநிலை எழுதி, கடைசி வரியில "எல்லாம் ஒளிச்சிருக்கினம், நான் தொந்தரவு குடுக்கேல்லை" எண்டு வைச்சிருந்தார். பங்குனி 30 முதல் குஞ்சு மேல வந்தது. அலெவின் காலத்தில அஞ்சு போச்சு, ரெண்டு தலையும் அதில ஒண்டு. தின்னாமல் ஏழு. அப்ப மிச்சம் 79.

சித்திரையில தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா 10க்கு ஏத்தினன், ஓடை 11 எண்டு நிண்டது. கூலர் பெட்டிக்குள்ள ஓடைத் தண்ணியைக் கப்பாலக் கப்பால விட்டு அரை மணித்தியாலம் காத்திருந்தம். அந்த அரை மணித்தியாலம்தான் இந்த வருசத்தில பெரிய கஸ்ரம், இருபத்தாறு பிள்ளையள், எல்லார் கையிலயும் வெறுங்கப்பு.

அம்மம்மாவும் வந்தவ. குனிஞ்சு கப்பைத் தண்ணியில சரிக்க முழங்கால் விடேல்லை, பேத்தி பிடிக்க விட்டா. குஞ்சு கொஞ்சத் தூரம் கீழ போகாமல், ஓட்டத்துக்கு எதிரா முகத்தைத் திருப்பிக்கொண்டு அங்கேயே நிண்டது. "உது போகுதில்லை" எண்டு அம்மம்மா பயந்திட்டா. இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு கல்லுக்கடியில எல்லாம் அதே மாதிரித்தான் நிண்டது. இனி ஒண்டு ரெண்டு வருசம் அதுகளுக்கு அதுதான் வீடு எண்டு சொன்னன். இந்தத் தண்ணி மணத்தைப் பிடிச்சு வைச்சுத்தான் வளர்ந்து திரும்பி வாறது எண்டும் சொன்னன். "அப்ப வடிவா மணந்து பாக்கட்டும், அவசரப்படுத்தாதேங்கோ" எண்டா.

அந்தப் பெடியன் எண்ணினான். நான் கேக்கவே இல்லை, தானாக் கொப்பியோட நிண்டு ஒவ்வொரு கப்பையும் எண்ணினான். 79. கழிச்சுப் பாத்து, சரி எண்டு கோடு போட்டான்.

இப்ப ஒரு கேள்வி. சரளை, ஃபில்டர், குழாய் எல்லாத்தையும் கோடைக்கு எப்பிடிக் கழுவி வைக்கிறது? ஃபில்டருக்குள்ள இருக்கிற பஞ்சை அடுத்த வருசத்துக்கு வைக்கலாமோ?


பழையவாளி | வைகாசி 22

பஞ்சை எறியுங்கோ. காஞ்சு கிடந்தா பற்றீரியா எப்பிடியும் சாகும், மார்கழியில புதுசாத் தொடங்குங்கோ. மற்றதெல்லாம் ஐதான பிளீச்சில ஊற வைச்சு, மணம் போக மட்டும் அலசி, வெயிலில எலும்பாக் காய விட்டு மூடி வையுங்கோ. சில்லருக்குள்ள தண்ணி தேங்கி நிக்காமல் ஊதி எடுங்கோ. அந்த ரப்பர்க் குழாயை மட்டும் வீட்டை கொண்டு போயிடாதேங்கோ, மார்கழியில ஆரும் அதால வான்கோழிக்குச் சாறு ஊத்திப் போடுவினம்.